பேன் சீப்பிலே கூவின பறவை

லண்டன் மாநகரத்தின் ஆகாயம் முழுக்க நடீன் அன்ரியின் பேரிலேதான் காணி உறுதி மாதிரி எழுதிக் கிடக்கிறது. மோர்டனுக்கு மேலாலே பறக்கிற புறா ஒவ்வொன்றும் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் செட்டையடிக்கும். ஆபிரிக்காவிலிருந்து வருகிற தகைவிலான் குருவிகள் ஹீத்ரோவிலே பாஸ்போட் காட்டுவதில்லை. நேரே வந்து நடீன் அன்ரிக்கு முகத்தைக் காட்டி, அவர் தலையாட்டின பிறகுதான் கூடு கட்டப் போகும். ஒருமுறை தேம்ஸ் ஆற்றிலே அன்னங்கள் இரண்டு கோஷ்டியாகப் பிரிந்து அடிபட்டபோது, சமாதானம் பேச அவரைத்தான் பஸ்ஸோடு கூட்டிக்கொண்டு போனார்கள்.

இதிலே பாதி பொய். மற்றப் பாதி கொஞ்சம் கூட்டிச் சொன்னது.

கூட்டாமல் சொன்னால் கதை சின்னது. நடீனுக்கு வயது நாற்பத்தேழு. தாய் தகப்பன் ஜமைக்காவிலிருந்து வந்தவர்கள். அவர் பிறந்தது பிரிக்ஸ்டனில். பதினாறு வருடமாக நூற்றுப் பதினெட்டாம் இலக்க பஸ்ஸை மோர்டனுக்கும் பிரிக்ஸ்டனுக்கும் இடையிலே இழுத்துக்கொண்டிருக்கிறார். பின்னேர ஷிப்ட் விழுகிற நாட்களில், விடியக் காலமை ரப்பர் பூட்ஸை மாட்டி, பைனாக்குலரைக் கழுத்திலே தொங்கவிட்டு, வோண்டில் ஆற்றங்கரைப் புல்வெளிக்குப் போய்விடுவார். அங்கே பறவை பார்ப்பார். பார்த்ததைக் கொப்பியிலே எழுதுவார். மூன்றுதரம் நிச்சயமாகத் தெரிந்தால்தான் எழுதுவார். இரண்டுதரம் தெரிந்தால் பேனை மூடியபடியே இருக்கும்.

அவருடைய வீட்டுக்கும் கம்சிகாவின் வீட்டுக்கும் நடுவிலே ஒரு பலகை வேலி.

கம்சிகாவுக்குப் பதினேழு வயது. கணிதத்திலே இரண்டுதரம் விழுந்து, மூன்றாம்தரம் எழுதுவதற்காகக் கொலிஜுக்குப் போய்க்கொண்டிருந்தாள், போகிற நாட்களில். படிப்பு ஓடாவிட்டாலும் பகிடி நன்றாக ஓடும். தகப்பன் சபாரத்தினத்தின் போனுக்குள்ளே புகுந்து, டூட்டிங்கில் இருக்கிற பெரியப்பாவின் பெயரைப் 'பல் டொக்டர்' என்று மாற்றிவிட்டாள். மனிசன் மூன்று கிழமை சொந்தத் தமையனின் அழைப்பை எடுக்காமல், கன்னத்தைத் தடவிக்கொண்டு திரிந்தார்.

சபாரத்தினத்துக்கும் நடீனுக்கும் வேலிக்கு மேலாலே ஒரு வியாபாரம் இருந்தது. இங்காலேயிருந்து கம்சிகாவின் கையிலே பச்சை மிளகாய் போகும். அங்காலே வெங்காயத் தாள் வரும். ஒருநாள் நடீன் தன் போனிலே ஒரு படம் காட்டினார். இரத்தச் சிவப்பிலே மண், அதிலே வரிசை வரிசையாக வெங்காயம். சபாரத்தினம் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இது எங்கடை ஊர் உரும்பிராய். எங்கடை தோட்டத் தறைக்குப் பக்கத்துத் தறை. உங்களுக்கு ஆர் அனுப்பினது?"

"இது ஜமைக்கா, சென்ற் எலிசபெத்" என்றார் நடீன். "எங்கடை குடும்பக் காணி."

நடீன் பேசுவது ஆங்கிலம்தான். ஆனாலும் கம்சிகாவின் காதிலே அது எப்போதும் யாழ்ப்பாணத்துக் கொடிகாமச் சந்தையிலே நின்று கதைக்கிற மாதிரித்தான் விழும். அப்படி ஒரு நீட்டி முழக்கல்.

"எங்கடை காணியை ஒருத்தரும் விக்கேலாது, மிஸ்டர் சபா. பூட்டனின்ரை வழியிலை வந்த எல்லாருக்கும் அதிலை உரிமை. நாப்பத்திமூண்டு பேர் இருக்கிறம். ஆரும் போய் வீடு கட்டலாம், பயிர் வைக்கலாம், செத்தா அங்கையே தாழ்க்கலாம். ஆனா பிரிக்கிறது இல்லை."

"அப்ப எல்லை வழக்கு?"

"பிரிச்சாத்தானே எல்லை."

சபாரத்தினம் இரண்டு தம்பிமாரோடு பதினொரு வருடமாக ஒரு வேலிக்கு வழக்குப் பேசிக்கொண்டிருக்கிறவர். அன்றைக்குப் பிறகு இரண்டு நாள் அவர் ஒருவரோடும் கதைக்கவில்லை.

ஆனால் அந்தக் காணியிலே நடீனுக்கு ராச வரவேற்பு என்று நினைக்க வேண்டாம். தகப்பனை அடக்கம் செய்யப் போனபோது மச்சாள்மார் வாசலிலே நின்று "இங்கிலிஷ் லேடி வந்திட்டா" என்று சிரித்தார்களாம். "அங்கை நான் இங்கிலிஷ்காரி" என்று வேலியிலே முழங்கையை ஊன்றிக்கொண்டு கம்சிகாவுக்குச் சொன்னார். "இங்கை ஒரு வயல் கரைக்குப் போனா, நாயோடை வாற மனிசர் 'வழி தவறிட்டீங்களோ' எண்டு கேக்கினம். கழுத்திலை பைனாக்குலர் தொங்குது, கையிலை கொப்பி கிடக்கு. வழி தவறினவள் இவ்வளவு சாமானோடையே வருவாள்?"

கம்சிகா சிரித்தாள். அது பகிடி என்றுதான் அவள் அப்போது நினைத்தாள்.

வேலிக்கு மேலாலே இவ்வளவும் போய் வந்ததே தவிர, பக்கத்து வீட்டிலே இருந்த ஒன்பது வருடத்திலே நடீன் ஒருநாளும் அவர்களுடைய வீட்டுக்குள்ளே வந்ததில்லை. வரச்சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. கம்சிகாவின் சாமத்தியவீட்டுக்கு மண்டபம் எடுத்து நூற்றெண்பது கார்ட் அடித்தார்கள். முன்வீட்டுப் போலந்துக்காரருக்குப் போனது, தபால்காரருக்குக்கூடப் போனது, பக்கத்து வீட்டுக்குப் போகவில்லை. "அவ வந்தா எங்கை இருத்திறது? சனம் பாக்கும்" என்று தாய் ஷாமளா சொன்னா. நடீன் அடுத்த நாள் வேலிக்கு மேலாலே ஒரு கறுத்தக் கேக்கை நீட்டி, "பெரிய பிள்ளை ஆகிட்டியாம்" என்றார். றம் ஊற்றின கேக் என்று ஷாமளா அதைக் குப்பையிலே போட்டா. கம்சிகா அதற்கு முன்னமே கால்வாசியைக் குளியலறைக்குள்ளே வைத்துச் சாப்பிட்டிருந்தாள். நல்ல ருசி. அதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை, நடீனிடமும்.

இனிப் பறவைக் குழுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தப் புல்வெளிக்கு ஒரு குழு உண்டு. முப்பது பேர் வரும், முக்கால்வாசி ஓய்வூதியக்காரர். பச்சை மட்டை போட்ட ஒரு பெரிய பதிவேடு அவர்களிடம் ஐம்பது வருடமாக இருக்கிறது. அரிதான பறவை ஒன்று வந்தால் யார் கண்டது, எப்போது, எங்கே என்று கையாலே எழுதுவார்கள். சாட்சி கிடையாது, படம் கட்டாயமில்லை. சொல்லுகிறவரின் வாய்ச்சொல்தான் ஆதாரம். அதனாலே பொய் சொன்னவர் என்று ஒருமுறை பெயர் வந்தால் அந்த ஆள் முடிந்தார். பழைய பதிவுகளையும் சேர்த்து வெட்டிவிடுவார்கள். நடீனைக் குழுவிலே சேர்க்க இரண்டு வருடம் எடுத்தார்கள். சேர்த்த பிறகு ஏழு வருடத்திலே அந்தப் பதிவேட்டில் அவருடைய பெயர் பதினொரு இடத்திலே இருந்தது. குழுவிலே கறுப்பர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் பிழை விட்டால் பிழை. தான் விட்டால் அது வேறு என்று அவருக்குத் தெரியும். மூன்றுதரம் என்ற கணக்கு அதனாலே வந்தது.

அந்த வருடம் ஏப்ரல் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, கொலிஜ் நேரத்திலே கம்சிகா கூடப் படிக்கிற வருணோடும் இன்னும் இரண்டு பெடியளோடும் பிரிக்ஸ்டனுக்குப் போக நூற்றுப் பதினெட்டிலே ஏறினாள். ஓட்டுநர் யார் என்று பார்த்து ஏறுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து நடீன், பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி, "கம்சிகா, கொலிஜ் அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கமல்லோ போறன்" என்றார். மேல்தட்டிலிருந்துகூடச் சிரிப்புச் சத்தம் வந்தது. வருண் ஒரு கிழமை அவளை "அந்தப் பக்கம்" என்றுதான் கூப்பிட்டான்.

இதற்குப் பழி வாங்காமல் விட்டால் அவள் கம்சிகா இல்லை.

ஆயுதத்தை நடீனே எடுத்துக் கொடுத்தார். மே மாதத் தொடக்கத்திலே வேலிக்கரையில் நின்று கோர்ன்கிரேக் என்ற பறவையைப் பற்றிச் சொன்னார். முந்தி இங்கிலாந்திலே எல்லா வைக்கோல் வயலிலும் இருந்ததாம். புல்லு வெட்டுகிற மெஷின் வந்த பிறகு இல்லாமல் போய்விட்டதாம். இப்போது ஸ்கொட்லாந்துத் தீவுகளிலேதான் கொஞ்சம் மிச்சம்.

"ஆபிரிக்காவிலையிருந்து வாறது, பிள்ளை. உயரமான புல்லுக்கை ஒளிச்சிருக்கும். ஒருத்தருக்கும் முகம் காட்டாது. ஆனா அதை எல்லாரும் எங்கடை ஊர்ப் பறவை எண்டு அழுகினம். நீ எங்கையிருந்து வந்தனீ எண்டு அதை ஒருத்தரும் கேக்கிறேல்லை."

"என்ன மாதிரிக் கத்தும், அன்ரி?"

"சீப்பிலை நகத்தாலை உரசினா ஒரு சத்தம் வருமே, அது. சாகமுந்தி ஒருக்கா, ஒரே ஒருக்கா, என்ரை சொந்தப் புல்வெளியிலை அதைக் கேக்க வேணும்."

ஷாமளாவின் மேசை லாச்சியிலே ஊரிலிருந்து கொண்டுவந்த மரப் பேன் சீப்பு ஒன்று கிடந்தது, இரண்டு பக்கமும் நெருக்கப் பல் வைத்தது. கம்சிகா அதையும் தன்னுடைய வங்கி அட்டையையும் எடுத்துக்கொண்டு குளியலறைக்குள்ளே போய்ப் பூட்டினாள். அட்டையின் விளிம்பாலே பல்லை ஒரு இழுப்பு. யூடியூபிலே கேட்டதற்கு ஒரு மயிரிழைகூட வித்தியாசமில்லை.

புதன்கிழமை விடிய ஐந்தரைக்கு அவள் புல்வெளியிலே, தலைமூடி வைத்த ஜக்கெற்றோடு, இடுப்பளவு புல்லுக்குள்ளே குந்தியிருந்தாள். காஞ்சோன்றி மாதிரி ஒரு செடி கணுக்காலைக் கடித்தது. பாதையிலே நடீன் வந்தார். கம்சிகா உரசினாள். கிரெக், கிரெக். கிரெக், கிரெக்.

திட்டம் இதுதான்: நடீன் துள்ளிக் குதிக்க வேண்டும், கம்சிகா போனிலே படம் பிடிக்க வேண்டும், பிறகு பாய்ந்து வெளியே வந்து "அன்ரி, அந்தப் பக்கம்!" என்று கத்த வேண்டும்.

நடீன் துள்ளவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார். மெல்லத் தொப்பியைக் கழற்றினார், கோயிலுக்குள்ளே போகிற ஆள் மாதிரி. பைனாக்குலரைத் தொடக்கூட இல்லை. கண்ணை மூடினார். கன்னத்திலே தண்ணி இறங்கிக்கொண்டிருந்ததைக் கம்சிகா புல்லுக்கு நடுவாலே கண்டாள். சீப்பு ஓயவில்லை. பிறகு நடீன் தொப்பியைப் போட்டுக்கொண்டு, புல்லிலே கால் படாமல், பாதை ஓரமாகவே திரும்பிப் போனார்.

கம்சிகா வெளியே பாயவில்லை. படமும் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து சீப்பைக் கழுவி லாச்சிக்குள்ளே வைத்தாள். படம் எங்கே என்று வருண் கேட்டதற்கு "மழை" என்றாள். மழை பெய்யவே இல்லை.

நடீன் அன்று மத்தியானம் குழுவுக்கு அறிவித்துவிட்டார். பதிவேட்டிலே பன்னிரண்டாவது தடவையாக அவருடைய பெயர் ஏறியது. அடுத்த நாள் விடிய, நீட்டுக் குழாய்க் கமரா, அதற்கு முக்காலி என்று, வெளியாட்களும் சேர்த்து நாற்பது பேர் புல்வெளியிலே நின்றார்கள். பறவை கத்தவில்லை. எப்படிக் கத்தும்? அது கணித வகுப்பிலே இருந்தது.

வெள்ளிக்கிழமையும் கத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாயோடு நடக்கிற ஒரு பெண் குழுவின் தலைவர் கிரஹாமுக்கு ஒரு செய்தி அனுப்பினாள். திங்கட்கிழமை பின்னேரம் நடீன் கம்சிகாவின் வீட்டு வாசல் மணியை அடித்தார். ஒன்பது வருடத்திலே முதல்தரம்.

ஷாமளா கதவைப் பாதி திறந்து, மீதியைத் தன் உடம்பாலே அடைத்துக்கொண்டு நின்றா. கம்சிகா தாயின் தோளுக்குப் பின்னாலே நின்றாள்.

"குறை நினைக்காதேங்கோ" என்றார் நடீன். பஸ் கம்பெனி உடுப்போடே வந்திருந்தார். "கம்சிகாட்டை ஒரு விசயம் கேக்க வந்தனான். போன புதன்கிழமை விடிய, உன்னோடை படிக்கிற பிள்ளையள் ஆரும் ஆத்துப் பக்கம் போனவையோ?"

"ஏன் அன்ரி?"

நடீன் போனை நீட்டினார். குழுவிலே வந்த செய்தி. புதன் காலை ஐந்தே முக்கால் மணியளவில் கறுத்த பெண் ஒருத்தி, தலைமூடி ஜக்கெற்றோடு, புல்லுக்குள்ளே குனிந்திருந்தாள். அவள் கையிலிருந்த ஏதோ சாமானிலிருந்துதான் அந்தச் சத்தம் வந்தது. அதற்குக் கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: அப்ப விளங்குது. இன்னொருவர்: பாவம், அவ்வளவு ஆசை போல. மூன்றாமவர்: பழைய பதிவுகளையும் ஒருக்காப் பார்க்க வேணும். கடைசியிலே கிரஹாம்: ஞாயிறு பதினொரு மணிக்குச் சாரணர் மண்டபத்திலே கூட்டம்.

நடுவிலே நடீன் எழுதினது இருந்தது. நான் பாதையிலே நின்றேன். நான் குனியவில்லை. என்னுடைய ஜக்கெற்றுக்குத் தலைமூடி இல்லை.

அதற்கு ஒருவரும் பதில் போடவில்லை.

"அது நான் இல்லை" என்றார் நடீன். "அப்ப வேறை ஆரோ. அந்த ஆளைக் கண்டுபிடிக்காட்டி, ஏழு வருசத்தையும் வெட்டிப் போடுவினம்."

கம்சிகா அந்தச் செய்தியை இன்னொருதரம் வாசித்தாள். இந்த இடத்திலே சொல்லியிருக்கலாம். இரண்டே சொல்லுத்தான். 'அது நான்.' அவளுடைய கையிலே அப்போதுகூட வங்கி அட்டை இருந்தது, போன் உறைக்குள்ளே.

"எனக்குத் தெரியாது, அன்ரி."

"சரி, பிள்ளை." நடீன் தலையாட்டினார். "ஏதும் கேள்விப்பட்டாச் சொல்லு."

கதவு சாத்தினதும் ஷாமளா பெருமூச்சு விட்டா. "உந்தக் கறுவலின்ரை வில்லங்கத்துக்கை தலையைக் குடுக்காதை. அவையள் எல்லாரும் ஒரே மாதிரித்தான் இருப்பினம். செய்தி அனுப்பின மனிசி எப்பிடி ஆளைச் சொல்லும்?"

"சொல்லியிருக்கே, அம்மா. பிழையாச் சொல்லியிருக்கு."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"அங்கை குனிஞ்சிருந்தது நான்."

ஷாமளா முதலிலே சிரித்தா. பிறகு மகளின் முகத்தைப் பார்த்தா. பிறகு கேட்டதைக் கம்சிகா செத்தாலும் மறக்கமாட்டாள்.

"உன்னைப் பாத்து எப்பிடி அவ எண்டு நினைச்சவை? நீ அவ்வளவு கறுப்பே?"

அந்தக் கிழமை முழுக்கக் கம்சிகா பகிடி ஒன்றும் விடவில்லை. மற்றவர்களை வெட்கப்படுத்துவது அவளுக்குக் கை வந்த தொழில். தான் படுகிற வெட்கத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நடீனின் முகத்துக்கு நேரே பொய் சொன்னது ஒரு வெட்கம். தாயின் கேள்வியைக் கேட்டதும் தன் கையை ஒருக்காத் திருப்பிப் பார்த்தாளே, அது அதைவிடப் பெரிய வெட்கம். சாமத்தியவீட்டுப் பட அல்பத்திலே மேக்கப்காரி அவளுக்கு நாலு நிறம் வெளுப்பாகப் பூசியிருந்தாள். அதைப் பார்த்து அப்போது சந்தோசப்பட்டது அவள்தான், வேறு யாருமில்லை. பஸ்ஸை நூற்றுப் பதினெட்டிலிருந்து வேறு இலக்கத்துக்கு மாற்றினாள். வேலிப் பக்கம் போகவில்லை. சபாரத்தினம் மிளகாயை நீட்ட ஆளில்லாமல் தானே போய் நீட்டினார்.

வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டிலே அவள் கேட்டாள், "அம்மா, ஞாயிறு நான் போய்ச் சொல்லட்டே?"

"பொலிஸ் கேஸ் ஆகும். கொலிஜிலை எழுதுவினம். உனக்கென்ன விசரே? அந்த மனிசிக்குப் பறவை போனால் போகட்டும். சோறு போடுறது பறவையே?"

சபாரத்தினம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். எல்லை வழக்குக்காரர் அவர். ஒருவருடைய பேரைப் பதிவேட்டிலிருந்து வெட்டுவதென்றால் என்னவென்று அவருக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் அடுத்த கவளத்தை உருட்டினார்.

ஞாயிறு, தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கென்று புத்தகப் பையோடு வெளிக்கிட்ட கம்சிகா, சாரணர் மண்டபத்துக்குப் போனாள். பைக்குள்ளே சீப்பு இருந்தது. பதினைந்து பேர் வட்டமாகக் கதிரை போட்டு இருந்தார்கள். மேசையிலே பிஸ்கற், நடுவிலே பச்சை மட்டைப் பதிவேடு. நடீன் கதவுப் பக்கத்துக் கடைசிக் கதிரையிலே, ஒரு மணிக்குத் தொடங்குகிற ஷிப்டுக்கான உடுப்போடு, முதுகை நிமிர்த்தி இருந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் கதிரை வெறுமையாகக் கிடந்தது.

உள்ளே வந்த கம்சிகாவைப் பார்த்து ஒரு வெள்ளைக்கார அம்மா அன்பாகத்தான் கேட்டா. "வழி தவறிட்டீங்களோ, செல்லம்?"

"இல்லை" என்றாள் கம்சிகா. குரல் சுண்டெலி மாதிரி வந்தது. "அந்தக் கறுத்தப் பொம்பிளை நான்தான்."

ஒருவருக்கும் விளங்கவில்லை. அவள் சீப்பையும் அட்டையையும் எடுத்தாள். முதல் இழுப்பு வழுக்கிப் போனது. இரண்டாவது சரியாக வந்தது. கிரெக், கிரெக். மண்டபத்திலே பிஸ்கற் கடிக்கிற சத்தம்கூட நின்றது. கிரஹாம் கண்ணை மூடித் திறந்தார்.

"நடீன் அன்ரி பாதையிலை நிண்டவ. நான் புல்லுக்கை இருந்தனான். பகிடிக்கு ஒரு நிமிசம் உரசினனான், அவ்வளவுதான். அவ கேட்டதைத்தான் எழுதினவ. அவ பொய் சொல்லேல்லை. நான்தான் பொய்."

"சும்மா சொல்லக்கூடாது, அசல் மாதிரியே இருக்கு" என்றார் கிரஹாம். யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு மண்டபம் முழுக்க இறுக்கம் விட்டு, ஆளுக்கு ஆள் கதைக்கத் தொடங்கினார்கள். இளம் பிள்ளைகள்தானே. சின்னத் தவறுதானே. நல்லகாலம், தெளிந்துவிட்டது.

"அப்ப இது ஒரு தெரியாத்தனம்" என்றார் கிரஹாம். "நடீனின்ரை பழைய பதிவுகள் அப்பிடியே இருக்கலாம். மன்னிக்க வேணும், நடீன்."

நடீன் எழும்பினார். மேசைக்குப் போய்ப் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பினார். தன்னுடைய பேனையாலே, தன்னுடைய பன்னிரண்டாவது பதிவுக்கு மேலே ஒரு நேர்கோடு இழுத்தார்.

"இதை நான் வெட்டுறன். மிச்சம் பதினொண்டையும் நீங்கள் வெட்டேலாது, இருக்கலாம் எண்டு சொல்லவும் ஏலாது. அது உங்களாலை இருக்கேல்லை." பேனையை மூடினார். "ஏழு வருசம் ஒரே பாதையிலை நிண்டனாங்கள். நீங்கள் ஒருத்தரும் என்னை ரெலிபோன் எடுத்துக் கேக்கேல்லை. முகம் தெரியாத மனிசி ஒண்டு சொன்னது போதுமாயிருந்தது. இப்ப ஒரு சீப்புச் சொன்னதும் போதுமாயிருக்கு."

நடீன் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

கம்சிகா பின்னாலே ஓடினாள். பஸ் தரிப்பிலேதான் பிடிக்க முடிந்தது. நடீன் வாங்கிலே இருந்து, வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்சிகா பக்கத்திலே இருக்கவில்லை, நடீன் இருக்கச் சொல்லவுமில்லை.

"சொரி, அன்ரி."

"ம்."

"அண்டைக்கு வாசலிலை கேக்கேக்கை சொல்லியிருக்க வேணும்."

"ஓம். சொல்லியிருக்க வேணும்." நடீன் குரலை உயர்த்தவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "ஆறு நாள் நான் நித்திரை கொள்ளேல்லை. எனக்கே சந்தேகம் வந்திட்டுது, அந்தச் சத்தத்தை நான்தான் ஆசையிலை மனசுக்கை உண்டாக்கினனோ எண்டு. ஏழு வருசமா என்னை நம்பின ஒரே ஆள் நான்தான். அந்த ஆளையும் நீ சாகடிச்சுப் போட்டாய்."

கம்சிகா சப்பாத்து நுனியைப் பார்த்தாள். அழக்கூடாது என்று பல்லைக் கடித்தாள். அழுதால் அதையும் நடீன்தான் தேற்ற வேண்டி வரும். அவ்வளவு அநியாயத்துக்கு அவள் தயாராக இல்லை. அதனாலே வழக்கமான பாதையிலே ஓடினாள்.

"பஸ்ஸுக்கை எல்லாருக்கும் முன்னாலை என்னைப் பேசினீங்கள், அதுக்குத்தான் அன்ரி செய்தனான். சும்மா பழிக்குப் பழி. ஒரு நிமிசப் பகிடி. நீங்கள் இப்பிடிப் பெரிசா எடுப்பீங்கள் எண்டு எனக்குத் தெரியாது."

நடீன் அப்போதுதான் அவள் பக்கம் திரும்பினார். உடுப்புப் பொக்கற்றுக்குள்ளிருந்து கொப்பியை எடுத்து, அந்தப் புதன்கிழமைப் பக்கத்தை விரித்து, விரலை ஒரு வரியிலே வைத்தார்.

"ஐஞ்சு நாப்பதுக்குத் தொடங்கினது. ஐஞ்சு ஐம்பத்திரண்டுக்கு நான் வெளிக்கிட்டனான். நான் நிண்ட மட்டும் சத்தம் நிக்கேல்லை. பன்னிரண்டு நிமிசம்."

கம்சிகா குனிந்து அந்த வரியை வாசித்தாள்.

"ஒரு நிமிசத்தோடை நீ நிப்பாட்டியிருந்தா நான் எழுதியிருக்கமாட்டன். மூண்டுதரம் நிச்சயமாத் தெரியாட்டி எழுதாத ஆள் நான். பகிடிக்கு ஒரு நிமிசம் போதும், கம்சிகா. என்ரை முகத்தைப் பாத்த பிறகு, மிச்சப் பதினொரு நிமிசமும் நீ ஆருக்காக உரசிக்கொண்டிருந்தனீ?"